கடப்பைக் கல்லில் செவலி

2-12-1936, புதன்

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. "செவலி பின்காலை இழுத்துக்கொண்டு நடந்தது" என்று எழுதியிருக்கிறேன். எங்கள் கடை நாய் அப்படி நடந்ததை நான் பார்க்கவில்லை. சரக்கறையில் டின்களுக்குப் பின்னால் குனிந்து நின்றபோது, வெளியே அதன் நகம் கல்லில் படும் சத்தம் கேட்டது. கேட்டதைப் பார்த்ததாக எழுதிவிட்டேன். மாலை வகுப்பில் வாத்தியார் எங்களுக்கு வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: தினமும் எழுது, கண்டதைக் கண்டதாகவும் நினைத்ததை நினைத்ததாகவும் எழுது. அந்த ஒன்றுகூட எனக்கு ஒழுங்காக வரவில்லை.

வேறு நாளாக இருந்தால் அடித்துத் திருத்திவிட்டுப் போயிருப்பேன். இன்று அந்தப் பிழை மாட்டு டாக்டர் காது வரைக்கும் போய்விட்டது.

மாதக் கடைசியில் வாத்தியார் இதைப் படிப்பார். அவருக்கு எங்கள் கடை தெரியாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். ராசிபுரம் கடைவீதியில் அப்புசாமிக் கவுண்டரின் நெய்க்கடையில் நான் வேலை செய்கிறேன். செவ்வாய்ச் சந்தைக்கு வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பெண்கள் கலயங்களில் நெய் கொண்டுவருவார்கள். முதலாளி ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்த்து விலை சொல்வார். விலை பிடிக்காத பெண்களும் தங்கள் கையில் தேய்த்து மோந்து பார்த்துச் சண்டை போடுவார்கள். முடிந்ததும் எல்லோரும் கையைத் துடைப்பது செவலியின் முதுகில்தான். தராசுக்கு அருகில் அது படுத்திருக்கும். பத்து வயதுக்கு மேல் ஆன செம்பட்டை நாய். கடைவீதியில் இத்தனை பளபளப்பான நாய் வேறு இல்லை.

ஐப்பசி மழையிலிருந்து அதன் பின்கால்கள் சரியில்லை. வாசல் படிகளில் இறங்குவதை விட்டுவிட்டது. கடை, பின்னால் முதலாளி வீடு, நடுவில் டின் கழுவும் முற்றம், இவ்வளவுதான் இப்போது அதன் உலகம்.

இன்று மாட்டு டாக்டர் தீர்த்தகிரி முதலாளியின் எருமைக் கன்றைப் பார்க்க வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவர் வழுக்கித் தூணைப் பிடித்துக்கொண்டார். "பாத்துங்க, பாத்துங்க" என்று முதலாளி ஓடினார். கன்றைப் பார்த்து முடித்ததும், முதலாளியின் மனைவி சென்னியம்மாள், "அப்படியே இவளையும் சித்தெப் பாருங்க" என்று செவலியைக் காட்டினார்.

தராசுக்குப் பக்கத்திலேயே டாக்டர் குந்தினார். செவலியை எழுப்பி நிறுத்தி, இடது பின்பாதத்தை மடக்கி, பாதத்தின் மேல்பக்கம் தரையில் படும்படி வைத்தார்.

"நரம்பு நல்லா இருந்தா உடனே திருப்பி வெச்சுக்கும்" என்றார்.

பாதம் திரும்பவில்லை. அப்படியே வழுகி வெளிப்பக்கம் போனது. செவலி பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. இன்னொரு முறை வைத்தார். அதே மாதிரிதான்.

"இது ரெண்டு விதமா இருக்கலாம்" என்றார் டாக்டர். "ஒண்ணு மூட்டு வாதம். எந்திரிக்கறப்போ கஷ்டப்படும், கொஞ்ச தூரம் நடந்தா எளகிடும், குளுருக்கு அதிகமாகும், காலை நீட்டினா வலிக்கும். இன்னொண்ணு முதுகுத்தண்டு நரம்பு. அது வலியில்லாமலே வரும். தன் கால் எங்க இருக்குன்னு நாய்க்கே தெரியாமப் போயிடும். பின்பக்கம் ஆடும், கால் ஒண்ணோட ஒண்ணு பின்னும், பாதத்தை மடக்கி இழுக்கும். நகம் மேல்பக்கமாத் தேஞ்சுபோகும். இழுத்துக்கிட்டு நடக்குதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று எழுதிய வரி மனதில் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

டாக்டர் முகம் சுருங்கியது. வெறிநோய் இல்லை, நன்றாகத் தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது, அந்தப் பயம் வேண்டாம் என்றார். "ஆனா நரம்பா இருந்தா மருந்து கெடையாது. போகப் போகப் படுத்துடும்."

முதலாளி மெதுவாகச் சொன்னார்: "என்ற மயிலக்காளை இடுப்பு உழுந்து ஒரு மழைக்காலம் பூராவும் கெடந்துதுங்க. புரட்டிப் புரட்டிப் போட்டும் புண்ணு வெச்சுப்போச்சு. அத மறுக்காப் பாக்க என்னால ஆகாது. நரம்புதான்னா நீங்களே ஊசி போட்டு முடிச்சுடுங்க."

"இப்பவே முடிவு சொல்ல மாட்டேன். சனிக்கிழமை இந்த வழியாத்தான் திரும்புவேன்" என்றார் டாக்டர். என்னிடம், "நகத்தை வெளிச்சத்துல பாத்து வை தம்பி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கன்று போட முடியாத எருமை ஒன்றுக்காக ஆள் வந்துவிட்டது. சைக்கிளில் ஏறிப் போனார்.

சென்னியம்மாள் பேச்சின் நடுவிலேயே உள்ளே போயிருந்தார்.

பார்க்காததைப் பார்த்தேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமைக்குள் உண்மையாகவே பார்த்தாக வேண்டும்.

3-12-1936, வியாழன்

காலையில் செவலி சாக்கிலிருந்து எழுந்திருப்பதைப் பார்த்தேன். முன்கால்களை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கப் பார்த்து, உட்கார்ந்து, மறுபடி தூக்கியது. பனி அதிகம். இது மூட்டுக்குச் சேரும்.

அங்கிருந்து தராசுக்குப் போகும்போது பின்பக்கம் ஆடியது. ஒரு கால் மற்றக் காலுக்குக் குறுக்கே போனது. இந்த முறை கண்ணால் பார்த்தேன். இது நரம்புக்குச் சேரும்.

வாசல் வெயிலில் அதைப் படுக்க வைத்து நகம் பார்த்தேன். தேயவில்லை. வீதியில் இறங்கி ஓடாததால் நீளமாக வளர்ந்து வளைந்திருக்கிறது. பாதத்தின் மேல்தோலில் ஒரு கீறலும் இல்லை. அன்று நான் கேட்ட சத்தம், இந்த நீள நகம் கல்லில் தட்டியது. இழுத்த சத்தம் என்று நானாக முடிவு கட்டியிருக்கிறேன்.

சந்தோஷப்பட்டு, டாக்டர் செய்த மாதிரி பாதத்தை மடக்கி வைத்துப் பார்த்தேன். வழுகிப் போனது. சந்தோஷம் போய்விட்டது.

சென்னியம்மாள் நெய்ச்சோறு கொண்டுவந்தார். "ஏந் தங்கசாமி, நீ படிக்கறது பத்தாதுன்னு நாய்க்கும் பரீச்சை வெக்கறயா?"

"இல்லீங்கம்மா, பாத்துட்டிருக்கறேன்."

"பாத்து?"

"ஒண்ணும் தெரீலீங்க."

அவர் சோற்றை உருட்டி அதன் வாயருகே நீட்டினார். "தெரீலீன்னா தெரீலீன்னே இருக்கட்டும். தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்றார்.

எனக்கும் நாய் பிழைக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆசையோடு பார்க்கிற கண் சரியாகத்தான் பார்க்கிறதா என்ற சந்தேகம் நாள் முழுவதும் இருந்தது.

மாலை வகுப்புக்குக் கிளம்பினேன். நடக்க முடிந்த காலத்தில் செவலி பள்ளிக்கூடம் வரை என்னோடு வந்து, வகுப்பு முடியும் வரை வாசலில் படுத்திருக்கும். இன்று படி விளிம்பில் நின்று முனகியது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். நல்ல கனம். எதிர்க்கடை வெற்றிலைக்காரர், "பொண்ணு பாக்கப் போறயா, பொண்ணத் தூக்கீட்டே போறயா?" என்றார். வீதி முழுக்கச் சிரித்தது. செவலி என் காதை நக்கிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூட முற்றத்தில் புதிதாக எழுத்துப் படிப்பவர்களுக்காக மணல் பரப்பியிருக்கிறது. வண்டிக்காரர் சடையன் லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்து தன் பெயரை விரலால் எழுதிக்கொண்டிருந்தார். ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாற்பது வயதுக்கு மேல் சேர்ந்திருப்பவர். நான் செவலியை ஓரமாக இறக்கிவிட்டேன். அது நேராக அவரிடம் நடந்துபோய், அவர் பெயரின் மேலேயே படுத்தது.

"அடக் கெரகமே!" என்றார் சடையன். "இப்பத்தாம்ப்பா சடையன்னு சரியா வந்துது. எழுந்திரு தாயி. எம்பேரு மேல படுக்க நீ என்ன, எம் பொண்டாட்டியா?"

அதை எழுப்பப் போனவன் மணலைப் பார்த்து நின்றுவிட்டேன்.

அது நடந்து வந்த தடம் முழுவதும் மணலில் இருந்தது. பின்பாதங்கள் குட்டையான அடிகளாக விழுந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, விரலும் நகமும் தெரிய, நேராக விழுந்திருந்தது. ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இழுபட்ட கோடு இல்லை. குறுக்கே போன அடியும் இல்லை.

லாந்தரைத் தூக்கி வந்து முற்றத்தைச் சுற்றி இன்னொரு முறை நடக்கவிட்டேன். நடக்க நடக்கக் கால் இளகியது போலத் தெரிந்தது. தெரிந்தது என்று மட்டும் எழுதுகிறேன். பிறகு மணலில் அதன் பாதத்தை மடக்கி வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் திருப்பி ஊன்றிக்கொண்டது. மற்றக் காலும் அப்படித்தான். மூன்றாம் தடவை, இது என்ன விளையாட்டு என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தது.

கல்லில் வராதது மணலில் எப்படி வந்தது? எனக்குப் புரியவில்லை. மணல் இளகலானது, பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. மறுபடி குழம்பினேன்.

சடையன் அதன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். "இதென்னப்பா, வேற நாய் காலுல மண்ணு ஒட்டுனா ஒதறுனா உழுந்துரும். இதுக்கு எள்ளுருண்டையாட்ட அப்பியிருக்குதே!"

துண்டால் துடைத்தேன். மணல் போகவில்லை. மோந்து பார்த்தேன். முதுகில் நெய் வாசனை எப்போதும் உண்டு. உள்ளங்காலில் எப்படி வந்தது?

4-12-1936, வெள்ளி

இன்று பதில் தானாகக் கடைக்கு நடந்து வந்தது. வெண்ணந்தூர்ப் பாப்பாயி செவ்வாய்க்கிழமை விட்டுப்போன கலயத்தை எடுத்துக்கொண்டு போக வந்தார். விலை பேசுவதில் முதலாளிக்கு அவரைக் கண்டால் பயம். நான் சரக்கறையில் இருந்தேன். அன்றைய பிழை நினைவு வந்து, சத்தத்தோடு நிற்காமல் எட்டிப் பார்த்தேன்.

பாப்பாயி செவலிக்கு அருகில் உட்கார்ந்து, கலயத்தின் அடியில் ஒட்டியிருந்த நெய்யை விரலால் வழித்து, அதன் பின்காலில் தொடையிலிருந்து கீழே நீவிக்கொண்டிருந்தார். பாதத்துக்கு வந்ததும் உள்ளங்காலில் வைத்து அழுத்தித் தேய்த்தார். செவலி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

"பாப்பாயக்கா, என்னுங்க பண்றீங்க?"

"ஏஞ்சாமி, கண்ணு தெரியிலயா? காலுக்கு நெய் போடறேன்."

"உள்ளங்காலுக்குமா?"

"அங்கதான சாமி சூடு எறங்கறது. எங்க ஊட்டுக்காரருக்குக் கால் புடிச்சப்போ இப்படித்தான் தேச்சு நடக்க வெச்சேன். இப்ப என்னயத் தொரத்தீட்டு ஓடியாராரு."

"நீங்க மட்டுமுங்களா?"

"நானொருத்தி தேச்சாப் பத்துமா? சந்தைக்கு வார அத்தன பேரும் ஆளுக்கு ஒரு கை போடுவோம். பாவம், வாயில்லாத சீவன். எங்க கையெல்லாம் தொடச்சுத் தொடச்சு வளந்த புள்ள. உங்க மொதலாளியாட்டப் படி நெய்க்குக் கணக்குப் பாக்கற வங்கிசமில்ல நாங்க."

சந்தை நாளில் நான் சரக்கறையோடு கிடப்பதால் இது என் கண்ணில் பட்டதே இல்லை. தலைமுறையாக நெய் சிந்தி, தேய்ந்து, கண்ணாடியாகிப்போன கடப்பைக் கல். அதன்மேல் மூட்டு வலியோடு நடக்கும் நாய். அதன் உள்ளங்காலில் வாராவாரம் சந்தைப் பெண்கள் அத்தனை பேரின் நெய். கால் வழுகாமல் என்ன செய்யும்? பின்பக்கம் ஆடியதும் கால் குறுக்கே போனதும் இதனால்தானோ? சந்தைக்கு மறுநாள் புதன்கிழமைதான் டாக்டரும் பார்த்திருக்கிறார்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த அம்மாளின் விரல்கள் இன்னும் நீவிக்கொண்டிருந்தன.

"அக்கா, தொடையில தேய்ங்க. நல்லதுங்க. உள்ளங்கால்ல மட்டும் வேண்டாமுங்க. கல்லுல வழுக்குது. டாக்டர் அதப் பாத்துட்டு நரம்புன்னு சந்தேகப்படறாரு. நரம்புன்னா நாளைக்கு ஊசி போட்டுருவாங்க."

பாப்பாயி கையை எடுத்துவிட்டார்.

"நாங்க தேச்சுத் தேச்சு இதக் கொல்லப் பாத்தமா சாமி?"

"அய்யோ, அப்படியில்லீங்க. மூட்டு வலி உண்மையாவே இருக்குதுங்க. உங்களால வந்ததில்ல. ஆனா எனக்கும் உறுதியாத் தெரீலீங்க. டாக்டர்தான் சொல்லோணும்."

"உறுதியாத் தெரீலீன்னு ஒவ்வொரு பேச்சுக்கும் சொல்லீட்டிருந்தா உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றவர் எழுந்து, முந்தானையால் செவலியின் நான்கு பாதங்களையும் துடைத்தார். வாசலில் இறங்கும்போது திரும்பி, "நாளைக்கு என்னாச்சுன்னு எனக்குத் தெரியோணும். செவ்வாக்கெழம வாரேன். கெட்ட சேதி சொன்னயின்னா உங்க கடைக்கு இனி நெய் கெடையாது" என்றார்.

முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. நாய் பிழைத்தது என்று நான் சொல்லி, நாளை டாக்டர் இல்லை என்று சொன்னால், அவர் இரண்டு தடவை துக்கப்பட வேண்டியிருக்கும். மதியம் அவர் செவலிக்கு முன்னால் நெடுநேரம் நின்றதைப் பார்த்தேன். கையில் தராசுப் படிக்கல் இருந்தது. அதை வைக்க வந்தவர் வைக்காமலே திரும்பிப் போனார்.

5-12-1936, சனி

விடிந்ததும் சீயக்காய் கரைத்துச் செவலியின் பாதங்களைக் கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் நெய். சென்னியம்மாள் வெந்நீர் ஊற்றினார். ஏன் என்று கேட்கவில்லை. கடைசியாகக் குளிப்பாட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத நேத்தே சொல்றதுக்கென்ன உனக்கு?" என்று தண்ணீர்ச் செம்பாலேயே என் தோளில் தட்டினார்.

டாக்டர் சைக்கிளை நிறுத்தியதும், படி ஏறுவதற்குள் நான் கீழே இறங்கிவிட்டேன்.

"சார், புதன்கெழம நீங்க கேட்டப்போ இழுத்துக்கிட்டு நடக்குதுன்னு சொன்னேன். நான் பாக்கலீங்க. சத்தந்தான் கேட்டேன். நகம் தேயலீங்க, நீளமா இருக்குது. கால்ல நெய் தேச்சிருந்தாங்க. இன்னிக்குக் கழுவியிருக்கறேன். கல்லு மேல வேண்டாமுங்க, வீதி மண்ணுல பாருங்க."

ஒரே மூச்சில் சொன்னதால் டாக்டருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். முதலாளி மேலே இருந்து, "ஏன்டா, என்னடா இது? எங்கிட்டச் சொல்லாம?" என்றார். டாக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். செவலியைத் தூக்கி வந்து வண்டிகள் நிற்கும் மண்ணில் விட்டேன்.

முதலில் போகவிட்டு, பிறகு வரவிட்டுப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். பாதத்தை மடக்கி வைத்தார். உடனே திருப்பிக்கொண்டது. மற்றதும் திருப்பிக்கொண்டது. டாக்டர் முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் அழுத்திக்கொண்டே போனார். அது சும்மா நின்றது. பிறகு பின்காலைப் பின்னால் மெதுவாக நீட்டினார். செவலி கத்திக்கொண்டு திரும்பி அவர் மணிக்கட்டைப் பல்லுக்கு நடுவில் பிடித்தது. கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது.

"வலிக்குது. நல்லது" என்றார் டாக்டர்.

"வலிக்கறது நல்லதுங்களா?" என்றார் சென்னியம்மாள் கோபத்தோடு.

"இந்த எடத்துல நல்லதுதாம்மா. இடுப்பு மூட்டு. ரெண்டு பக்கமும் தடிச்சிருக்கு. இன்னிக்குப் பாத்த வரைக்கும் நரம்புக் கோளாறு ஒண்ணும் எனக்குத் தெரியல." கையை விடுவித்துக்கொண்டு எழுந்து கடை வாசலைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "அன்னிக்கு உள்ள வந்ததும் நானே வழுக்கித் தூணைப் புடிச்சேன். எனக்கு நரம்புக் கோளாறுன்னு எனக்குத் தோணலியே! நாய்க்கு மட்டும் தோணியிருக்கு."

முதலாளி படியிறங்கி வந்தார். ஊசி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் டாக்டர். மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றார்.

இது குணமாகிற நோய் இல்லை என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. பனிக்காலத்தில் கஷ்டப்படும். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்க வேண்டும், தினமும் மண்ணில் கொஞ்ச தூரம் நடத்த வேண்டும், நகம் வெட்ட வேண்டும். வலி அதிகமான நாளுக்கு ஒரு பொடி கொடுத்தார். இனிமேல் எப்போதாவது மண்ணிலும் கால் மடங்கினால், நகம் தேய்ந்தால், உடனே சொல்லியனுப்ப வேண்டும்.

"முக்கியமா உடம்பு எளைக்கணும். இத்தனை கனத்தை அந்த மூட்டு தாங்காது. நெய்ச்சோறு யார் போடறது?"

சென்னியம்மாள் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் சோற்றில் கடைசி உருண்டையை மட்டும்தான் போடுவேன் என்று சொல்லலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை. ஒரு நாய்க்கு மூன்று பேர் மூன்று வேளை ஒருவர் கணக்கை ஒருவர் பார்க்காமல் போட்டிருக்கிறோம். சந்தைப் பெண்களின் கணக்கு தனி.

டாக்டர் போன பிறகு முதலாளி கடையைத் திறக்கவில்லை. செவலியைத் தானே தூக்கிக்கொண்டு படி ஏறினார். வழுக்கும் என்று ஒவ்வோர் அடியாக வைத்து, சரக்கறைச் சாக்கில் கொண்டுபோய் விட்டார். "ஏன்டா தங்கசாமி, நேத்தே தெரிஞ்சும் ஒரு ராத்திரி என்னயத் தூங்க உடாமப் பண்ணீட்டியே" என்றார்.

"உறுதியாத் தெரீலீங்க."

"உன்ற உறுதில தீய வெக்க" என்று சொல்லி, தன் துண்டை மடித்து அதன் இடுப்புக்கு அடியில் வைத்தார்.

கண்டது: செவலிக்கு மூட்டு வாதம், டாக்டர் சொல்லிவிட்டார். நினைத்தது: இனி ஒரு மாதத்துக்கு முதலாளி என்னைத் திட்டமாட்டார். இரண்டாவது சந்தேகம்தான்.

நாளை ஞாயிறு. தரையைச் சாம்பல் போட்டுக் கழுவ வேண்டும். பழைய கோணிச் சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்து, சரக்கறையிலிருந்து தராசு வரைக்கும், தராசிலிருந்து வாசற்படி வரைக்கும் விரிக்க வேண்டும். தையலூசி சென்னியம்மாளிடம் இருக்கிறது. காலையில் கேட்டு வாங்க வேண்டும்.